என்.ஆர்.ஏ-வுக்கு சந்தா கட்டலாமா? துப்பாக்கி வச்சிருக்கிறவங்களே ஏன் அடிச்சுக்கிறாங்க?

டாலஸ் பக்கம் இருக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. (என்.ஆர்.ஏ-ன்னா நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன், அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கிறவங்களோட சங்கம்.) க்ரீன் கார்டு போன வருஷம்தான் வந்துச்சாம், முதல் துப்பாக்கி வாங்கப்போறாராம். "அண்ணா, கடையில என்.ஆர்.ஏ-ல சேருறீங்களான்னு கேக்குறாங்க, பக்கத்துல நின்ன ஒரு வெள்ளைக்காரர், அவரும் கன் வாங்க வந்தவர்தான், அந்த திருட்டுப் பசங்களுக்கு ஒரு பைசா குடுக்காதங்கிறார். துப்பாக்கி வச்சிருக்கிறவங்களே அவங்க சங்கத்த ஏன் இப்படி திட்டுறாங்க? சேரலாமா வேணாமா?"

சேரலாம் தம்பி. ஆனா எதுக்கு சேருறோம்னு தெரிஞ்சு சேரணும், உங்க பணத்துல பெரிய பங்கு அங்க போகக்கூடாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும். (துப்பாக்கியே எதுக்குய்யா வீட்டுலன்னு கேக்குறவங்களுக்கு இந்த பதில் இல்ல, அது வேற சண்டை, அந்த சண்டை என் வீட்டுக்குள்ளயே பன்னெண்டு வருஷமா நடக்குது.)

முதல்ல ஒரு தப்புக் கணக்கு. நம்ம ஊர்ல செய்தி பாக்குறவங்க அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கிறவன் எல்லாம் என்.ஆர்.ஏ-ன்னு நினைக்கிறாங்க. இங்க பெரியவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் சொந்தமா துப்பாக்கி வச்சிருக்கேன்னு சொல்றாங்க, கணக்குப் போட்டா 8 கோடி பேர் கிட்ட வருது. என்.ஆர்.ஏ ரொம்ப வருஷமா தானே பெருமையா சொல்லிக்கிட்ட எண்ணிக்கையே 50 லட்சம்தான். அதாவது பதினாறு பேர்ல ஒருத்தர். மீதி பதினஞ்சு பேர் சந்தா கட்டாமலே அந்த அமைப்பு வாங்கிக் குடுத்த சட்டத்த அனுபவிக்கிறாங்க, இல்ல அத திட்டுறாங்க, பல பேர் ரெண்டும் பண்றாங்க.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கால, கேட்டி பக்கம். 2014-ல க்ரீன் கார்டு கையில வந்த கையோட ஒரு க்ளாக் 19 பிஸ்டல் வாங்கினேன், அப்புறம் பசங்களுக்கு கத்துக்குடுக்க ஒரு .22 ரைஃபிள். அந்த வருஷமே என்.ஆர்.ஏ-ல சேர்ந்தேன். கொள்கை எல்லாம் ஒண்ணும் கிடையாது, நான் சுட்டுப் பழகப் போன ரேஞ்ச்ல மெம்பரா இருந்தாத்தான் உள்ள விடுவாங்க, அவ்ளோதான். இந்த ஊர்ல நிறைய கிளப்புகள் அப்படித்தான், என்.ஆர்.ஏ கார்டு இல்லாம அங்க சேரவே முடியாது. 2019-ல கோவம் வந்து ரினியூ பண்ணாம விட்டுட்டேன். 2024-ல திரும்ப சேர்ந்தேன். நடுவுல விட்டது தப்புன்னு இப்போ தோணுது, ஏன்னு கடைசில சொல்றேன்.

இந்த அமைப்பு ஆரம்பத்துல லாபியே கிடையாது, அதாவது சட்டம் போடுறவங்கள தன் பக்கம் இழுக்கிற வேலையே இல்ல. 1871-ல நியூயார்க்ல, உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கம் சண்டை போட்ட ரெண்டு அதிகாரிங்க, வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட், நம்ம சிப்பாய்ங்களுக்கு குறி பாத்து சுடவே தெரியலயேன்னு நொந்துபோய் ஆரம்பிச்சாங்க. சுடுறதுக்கு பயிற்சி, போட்டி, லாங் ஐலண்ட்ல ஒரு மைதானம், இதான் வேலை. 1934-ல மெஷின் கன்னுக்கு 200 டாலர் வரி போட்டு முதல் பெரிய மத்திய சட்டம் வந்தப்போ அப்போதைய என்.ஆர்.ஏ தலைவர் கார்ல் ஃப்ரெடரிக் காங்கிரஸ் முன்னாடி உக்காந்து, கண்டவன் எல்லாம் துப்பாக்கிய இடுப்புல சொருகிக்கிட்டு திரியுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, லைசென்ஸோட கட்டுப்படுத்தணும்னு சாட்சி சொன்னார். இன்னிக்கு அதே வார்த்தைய அவங்க மாநாட்டுல போய் சொன்னீங்கன்னா கதவு வரைக்கும் நீங்க நடந்து போக வேண்டியிருக்காது, தூக்கிட்டு போய் விட்டுருவாங்க.

1963-ல கென்னடிய சுட்ட ரைஃபிள் தபால்ல வந்தது, அதோட விளம்பரம் வந்தது என்.ஆர்.ஏ-வோட சொந்த பத்திரிகையில. அதனால 1968-ல தபால்ல துப்பாக்கி விக்கிறத தடை பண்ணப்போ அமைப்போட தலைமை பெருசா எதிர்க்கல, மெம்பர்ல ஒரு கூட்டம் கொதிச்சுப்போச்சு. 1967-ல கலிபோர்னியாவுல கருப்பர்கள், பிளாக் பாந்தர் ஆளுங்க, வெளிப்படையா துப்பாக்கியோட ரோந்து போனாங்கன்னு ரீகன் கவர்னரா இருந்து அத தடுக்க ஒரு சட்டம் போட்டார், அதையும் என்.ஆர்.ஏ ஆதரிச்சது. இத மனசுல வச்சுக்கோங்க, அப்புறம் வருது.

இப்போ முக்கியமான இடம், 1977. தலைமையில இருந்தவங்க, வாஷிங்டன் அரசியல் நமக்கு எதுக்கு, தலைமையகத்த கொலராடோ மலைப்பக்கம் கொண்டுபோய் வேட்டை, கேம்பிங், சுற்றுச்சூழல்னு இருப்போம்னு திட்டம் போட்டாங்க. அந்த வருஷ பொதுக்குழு மே மாசம் சின்சினாட்டில. ஹார்லன் கார்ட்டர், நீல் நாக்ஸ்னு ரெண்டு பேர் தலைமையில மெம்பர்ங்க ஆரஞ்சு கலர் வேட்டைத் தொப்பி போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாங்க, யார் நம்மாளுன்னு அடையாளம் தெரியணும்ல, கையில வாக்கி டாக்கி வேற. விதிமுறை புத்தகத்த கரைச்சு குடிச்சிட்டு வந்து ஒவ்வொரு விதியா எழுப்பி, ஓட்டுக்கு விட்டு, விடியக்கால நேரத்துக்குள்ள பழைய தலைமைய மொத்தமா தூக்கிட்டாங்க. ஒரு துப்பாக்கி சங்கத்துல ஆட்சி கவிழ்ப்பு, ஆனா ஒரு தோட்டா சுடல, எல்லாம் கை தூக்கி ஓட்டு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும், ஏதாவது ஒரு தமிழ்ச்சங்க பொதுக்குழு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பைலா படிச்சு சண்டை போட்டத நீங்களும் பாத்திருப்பீங்க.

அந்த ராத்திரிக்கு அப்புறம் வந்ததுதான் நீங்க செய்தில பாக்குற என்.ஆர்.ஏ. எம்.பி-க்களுக்கு ஸ்கூல் பிள்ளைக்கு போடுற மாதிரி ஏ-லேர்ந்து எஃப் வரைக்கும் கிரேடு போட்டு தேர்தலுக்கு முன்னாடி மெம்பருக்கு எல்லாம் அனுப்புறது. வெளியில இருந்து பாக்குறவங்க பணம்தான் இவங்க பலம்னு நினைக்கிறாங்க, 2016-ல ட்ரம்புக்காக 3 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணாங்கதான், ஆனா நிஜ பலம் அந்த கிரேடு சீட்டு. கட்சிக்குள்ள வேட்பாளர தேர்ந்தெடுக்கிற ப்ரைமரி ஓட்டுக்கு வர்றவங்க கொஞ்சம் பேர்தான், அதுல துப்பாக்கி ஒண்ணுக்காகவே ஓட்டு போடுற ஆளுங்க கணிசம், கிரேடு பி ஆயிடுச்சுன்னா சொந்த கட்சிக்காரனே எதிர்த்து நிப்பான். 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளியில நடந்த துப்பாக்கிச் சூட்டுல 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் செத்ததுக்கு அப்புறம், கடைக்கு வெளிய நடக்கிற விற்பனைக்கும் பின்னணி சோதனை வேணும்னு செனட்ல ஒரு திருத்தம் வந்தது, கொண்டு வந்தவர்ல ஒருத்தரான ஜோ மான்ச்சினே ஏ கிரேடு வாங்கினவர். 2013 ஏப்ரல்ல 54 ஓட்டு விழுந்தது, 60 வேணும். முடிஞ்சது.

சரி, இவ்ளோ ஜெயிச்சவங்கள துப்பாக்கிக்காரனே ஏன் திட்டுறான்? மூணு விதமான ஆளுங்க மூணு விதமான காரணத்துக்கு திட்டுறாங்க, ஒருத்தர் காரணம் இன்னொருத்தருக்கு நேர் எதிர், இத புரிஞ்சுக்காமத்தான் குழம்புறோம்.

முதல் கூட்டத்துக்கு பணப் பிரச்சனை. வெய்ன் லாபியர்னு ஒருத்தர், 1991-லேர்ந்து 2024 வரைக்கும் அவர்தான் அங்க எல்லாமே. 2019 ஏப்ரல்ல இண்டியானாபொலிஸ் மாநாட்டுல தலைவர் பதவில இருந்த ஆலிவர் நார்த்துக்கும் இவருக்கும் முட்டிக்கிச்சு, நார்த் வெளிய போனார், அதோட மூட்டை அவிழ்ந்தது. பெவர்லி ஹில்ஸ்ல ஒரு இத்தாலிய சூட் கடையில 2,70,000 டாலருக்கு மேல துணி, பில்லு எல்லாம் என்.ஆர்.ஏ-வோட விளம்பர கம்பெனி வழியா போயிருக்கு. தனி விமானம். அமைப்புகிட்ட காண்ட்ராக்ட் வாங்குற ஒருத்தரோட படகுல பஹாமாஸ் பயணம். டாலஸ் பக்கம் கோல்ஃப் மைதானத்தோட இருக்கிற குடியிருப்புல இவருக்கு ஒரு மாளிகை வாங்கலாமான்னு பேச்சு நடந்திருக்கு, வாங்கல. கோயில் உண்டியல்ல கிழவி போட்ட பத்து ரூபாயில தர்மகர்த்தா பட்டு வேட்டி எடுத்த கதைதான். கட்டினவன் யாரு? பெட்ரோல் பங்க்ல வேலை பாத்துக்கிட்டு வருஷத்துக்கு நாப்பது சொச்சம் டாலர் சந்தா கட்டினவன்.

2020 ஆகஸ்ட்ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெட்டிஷா ஜேம்ஸ் இந்த அமைப்பையே கலைக்கணும்னு கேஸ் போட்டார். அதுல அரசியலும் இருந்தது, இல்லன்னு சொல்ல மாட்டேன், தேர்தலப்பவே என்.ஆர்.ஏ-வ பயங்கரவாத அமைப்புன்னு பேசினவர் அவர். ஆனா அரசியல் எதிரி சொல்றாருங்கிறதுக்காக ரசீது பொய்யாயிடாது. 2021 ஜனவரில இவங்க டெக்சாஸ்ல வந்து திவால் மனு போட்டாங்க பாருங்க, பணம் இருக்கு ஆனா திவால், நியூயார்க் கேஸ்லேர்ந்து தப்பிக்க. போர்டுல பல பேருக்கே முன்கூட்டி தெரியாது. டாலஸ் நீதிபதி நல்லெண்ணத்தோட போட்ட மனு இல்லன்னு சொல்லி மே மாசம் தூக்கி எறிஞ்சார். வக்கீலுக்கு மட்டும் பல கோடி டாலர் போச்சு, அதுவும் மெம்பர் காசு. கலைக்கணும்ங்கிற கோரிக்கைய 2022-லயே நியூயார்க் நீதிபதி நிராகரிச்சிட்டார், மீதி கேஸ் நடந்தது. 2024 ஜனவரில விசாரணை தொடங்க சில நாள் இருக்கிறப்போ லாபியர் ராஜினாமா, பிப்ரவரில ஜூரி அவர் அமைப்புக்கு 54 லட்சம் டாலர் நஷ்டம் பண்ணாருன்னு தீர்ப்பு சொல்லிச்சு, கொஞ்சம் ஏற்கனவே கட்டியிருந்தார், மீதி 43 லட்சத்து சொச்சம். பழைய பொருளாளருக்கு தனியா 20 லட்சம். இந்த நாலஞ்சு வருஷத்துல மெம்பர்ஷிப் வருமானம் பாதிக்கு பாதி விழுந்துபோச்சு. கடையில உங்க பக்கத்துல நின்னவர் திருட்டுப் பசங்கன்னு சொன்னது இதத்தான். அவர் சொன்னதுல தப்பு இல்ல, ஆனா அது 2024-க்கு முன்னாடி உள்ள கணக்கு.

ரெண்டாவது கூட்டத்துக்கு சூட் எல்லாம் பிரச்சனையே இல்ல, இவங்க ரொம்ப விட்டுக் குடுக்குறாங்கங்கிறதுதான் பிரச்சனை. வெளியில இருக்கிறவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும், உலகமே என்.ஆர்.ஏ வெறியனுங்கன்னு சொல்றப்போ இங்க ஒரு கூட்டம் அவங்கள கோழைன்னு சொல்லுது. 1986-ல துப்பாக்கிக்காரங்களுக்கு சாதகமா ஒரு பெரிய சட்டம் வந்தது, அதுல கடைசி நேரத்துல ஒரு திருத்தம் நுழைஞ்சு, அந்த வருஷம் மே 19-க்கு அப்புறம் பதிவான மெஷின் கன் எதையும் சாதாரண ஆள் வாங்க முடியாதுன்னு ஆச்சு. மொத்த சட்டம் போயிடக்கூடாதேன்னு என்.ஆர்.ஏ அத முழுங்கிக்கிச்சு. நாப்பது வருஷம் கிட்ட ஆச்சு, இன்னும் ரேஞ்ச்ல அத சொல்லி பல்லக் கடிக்கிறவங்க இருக்காங்க. 2017-ல லாஸ் வேகாஸ்ல ஒருத்தன் ஹோட்டல் ஜன்னல்லேர்ந்து சுட்டு 60 பேர் செத்தாங்க இல்லயா, அவன் பம்ப் ஸ்டாக்னு ஒண்ணு மாட்டியிருந்தான், சுடுறப்போ பின்னாடி வர்ற உதைய வச்சே ட்ரிகர் திரும்பத் திரும்ப விரல்ல வந்து மோதும், மெஷின் கன் வேகம் வரும். அதுக்கு கூடுதல் கட்டுப்பாடு போடுங்கன்னு என்.ஆர்.ஏவே சொல்லிச்சு. ட்ரம்ப் அரசு தடையே போட்டுருச்சு. அந்தத் தடைய எதிர்த்து கடைசி வரைக்கும் போனது ஆஸ்டின்ல கன் கடை வச்சிருக்கிற மைக்கேல் கார்கில்ங்கிறவர், 2024 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்ல 6-க்கு 3 ஜெயிச்சார். எங்கள காப்பாத்துறேன்னு காசு வாங்கினவன் குடுத்துட்டான், கடைக்காரன் ஒருத்தன் மீட்டான்னு இந்தக் கூட்டம் சொல்லும்.

இவங்க பணம் வேற பக்கம் போகுது. கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா, 1970-கள்லேர்ந்து இருக்கு, சமரசமே கிடையாதுங்கிறதுதான் விளம்பரமே. செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் (துப்பாக்கி உரிமைய சொல்ற அரசியல் சட்டத் திருத்தத்தோட பேரு அது), 1974-ல ஆலன் காட்லீப் ஆரம்பிச்சது, வாஷிங்டன் மாநிலத்துல, இவங்க லாபி இல்ல, கோர்ட்டு. ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷன், சின்னப் பசங்க கூட்டம், கேஸ் மேல கேஸ் போடுவாங்க. இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. 2008-ல தனி மனுஷனுக்கு துப்பாக்கி உரிமை உண்டுன்னு முதல் தடவையா சுப்ரீம் கோர்ட் சொன்ன ஹெல்லர் கேஸ், அத என்.ஆர்.ஏ போடல. ராபர்ட் லெவி, ஆலன் குரான்னு ரெண்டு மூணு வக்கீலுங்க சேர்ந்து போட்டது, லெவி சொந்தக் காச போட்டார், அவரு துப்பாக்கியே வச்சிருக்காத ஆளு. தோத்துட்டா எல்லாம் போயிடுமேன்னு பயந்து என்.ஆர்.ஏ ஆரம்பத்துல அத தடுக்கத்தான் பாத்தது. ஜெயிக்கிற மாதிரி ஆனதும் பின்னாடி வந்து நின்னுச்சு. 2010-ல சிகாகோவோட கைத்துப்பாக்கித் தடைய எதிர்த்து ஜெயிச்ச கேஸும் முக்கியமா செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷனோடது. ஆனா 2022-ல நியூயார்க்ல வெளிய துப்பாக்கி எடுத்துட்டு போற உரிமைய வாங்கிக் குடுத்த ப்ரூயன் கேஸ் என்.ஆர்.ஏ-வோட மாநிலக் கிளை போட்டது, அத மறைக்கக்கூடாது.

மூணாவது கூட்டம் எண்ணிக்கையில சின்னது, ஆனா நமக்கு, அதாவது நம்ம நிறத்துல இருக்கிறவங்களுக்கு, இவங்க சொல்றது காதுல விழணும். 2016 ஜூலை 6, மின்னசோட்டா. ஃபிலாண்டோ காஸ்டீல், ஸ்கூல் கேன்டீன்ல வேலை பாத்த ஒரு கருப்பர், கார நிறுத்தின போலீஸ்கிட்ட ஐயா என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவராவே மரியாதையா சொன்னார், பெர்மிட்டும் இருந்தது. போலீஸ் சுட்டுக் கொன்னுட்டான், பின் சீட்ல நாலு வயசுக் குழந்தை. என்.ஆர்.ஏ வாய் தொறக்க ரெண்டு நாள் ஆச்சு, அதுவும் பேர் கூட சொல்லாம, மின்னசோட்டாலேர்ந்து வர்ற செய்தி கவலை தருது விசாரிக்கணும்னு நாலு வரி. போலீஸ்காரர் அடுத்த வருஷம் விடுதலை ஆனார். லைசென்ஸ் வச்சிருக்கிற, சட்டப்படி நடந்த, தானா முன்வந்து சொன்ன ஒரு மனுஷன், இதவிட ஒரு மெம்பர் உருவம் கிடைக்குமா உங்களுக்கு? அன்னிக்கு ரேஞ்ச்ல நான் இதப் பத்தி பேச்செடுத்தேன், ரெண்டு பேர் பேச்ச மாத்திட்டாங்க. 1967 கலிபோர்னியாவ ஞாபகம் வச்சுக்க சொன்னேனே, அதுக்குத்தான். நேஷனல் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் கன் அசோசியேஷன்னு 2015-ல அட்லாண்டாவுல ஆரம்பிச்ச ஒண்ணு அதுக்கப்புறம் நல்லா வளர்ந்திருக்குன்னா காரணம் தேட வேண்டியதில்ல. நடைமுறையில உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: போலீஸ் நிறுத்தினா கை ரெண்டும் ஸ்டீயரிங் மேல, உள் லைட்ட போடுங்க, துப்பாக்கி எங்க இருக்கோ அந்தப் பக்கம் கை போகவே கூடாது, அவர் சொல்ற வரைக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு சேரலாம்னு ஏன் சொல்றேன்?

ஒண்ணு, அந்த பழைய 1871 வேலைய இன்னும் பண்றது இவங்கதான். ஒரு ரேஞ்சுக்கு போய் சொல்லிக்குடுக்குறவர் சட்டைய பாருங்க, பெரும்பாலும் என்.ஆர்.ஏ சர்டிஃபைடு. 1988-லேர்ந்து எடி ஈகிள்னு ஒரு கழுகு பொம்மைய வச்சு சின்ன பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறாங்க: துப்பாக்கிய பாத்தா நில்லு, தொடாத, ஓடிப் போ, பெரியவங்ககிட்ட சொல்லு. என் பொண்ணு அஞ்சு வயசுல அத பாட்டா பாடிக்கிட்டு வீடெல்லாம் சுத்தினா, ஒரு நாள் பக்கத்து வீட்டு பையனோட தண்ணித் துப்பாக்கிய பாத்துட்டு ஓடி வந்து என்கிட்ட சொன்னா. சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தது. சமரசம் கிடையாதுன்னு சவுண்டு விடுற அமைப்பு எதுவும் இந்த வேலைய இந்த அளவுக்கு பண்றதில்ல.

ரெண்டாவது காரணம்தான் பெருசு, அதுக்கு எங்க ரேஞ்ச் பெரியவர பத்தி சொல்லணும். எழுபத தாண்டிட்டார், வியட்நாம் போனவர், லைஃப் மெம்பர், 1911 பிஸ்டல்தான் வச்சிருப்பார் (அது வருஷம் இல்ல, மாடல் பேரு, ஆனா அவ்ளோ பழசுதான்). 2017-ல என்.ஆர்.ஏ கேரி கார்டுன்னு (Carry Guard) புதுசா இன்சூரன்ஸும் பயிற்சியும் ஆரம்பிச்சப்போ அந்த கிளாசுக்கு 1911-உம் ரிவால்வரும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு முதல்ல ஒரு விதி போட்டாங்க. அவங்க பத்திரிகை அட்டையில காலங்காலமா வந்த துப்பாக்கி அது! பெரியவர் ஒரு மாசம் அத மட்டுமே பேசினார். 2019-ல சூட் விவகாரம் வந்தப்போ நான் அவர்கிட்ட, நான் விட்டுட்டேன் சார், நீங்களும் அந்த கார்ட கிழிச்சுப் போடுங்கன்னேன். அவர் துப்பாக்கிய பிரிச்சு போட்டு எண்ணெய்த் துணியால பேரல தொடச்சுக்கிட்டே, கிழிச்சா யாருக்கு சந்தோஷம்னு கேட்டார். எனக்கு அப்போ புரியல.

விஷயம் என்னன்னா, 2024 கணக்குப்படி அந்த போர்டுல 76 பேர். 75 பேர தபால் ஓட்டுல தேர்ந்தெடுக்கணும், மூணு வருஷப் பதவி, வருஷா வருஷம் மூணுல ஒரு பங்கு மாறும். ஓட்டு யாருக்கு? லைஃப் மெம்பருக்கு, இல்லன்னா விடாம அஞ்சு வருஷம் சந்தா கட்டினவங்களுக்கு. நடுவுல ஒரு வருஷம் விட்டா கணக்கு மறுபடி முதல்லேர்ந்து. நான் 2014-ல சேர்ந்து 2019-ல விட்டேன், ஓட்டு கையில கிடைக்கிற நேரத்துல கோச்சுக்கிட்டு வந்துட்டேன். என்னை மாதிரி லட்சக்கணக்குல போனாங்க. கோச்சுக்கிட்டு பந்தியிலேர்ந்து எந்திரிச்சவனுக்கு இலை போச்சு, பரிமாறுறவன் மாறல. ஓட்டு இருக்கிறவங்கள்லயும் பெரும்பாலானவங்க போடுறதே இல்ல, அதனால உள்ள இருந்தவங்களுக்கு அது ரொம்ப வசதியா போச்சு.

2024-ல நாலு பேர் சீர்திருத்தம்னு சொல்லி நின்னாங்க. அதுல ஒருத்தர் ஃபில் ஜர்னி, கன்சாஸ்ல நீதிபதி, திவால் கேஸ்ல சொந்த அமைப்புக்கு எதிராவே போய் கணக்க வெளிய ஆள் வச்சு சோதிக்கணும்னு கேட்டவர். இன்னொருத்தர் ஜெஃப் நாக்ஸ், 1977-ல ஆரஞ்சு தொப்பிக்காரங்களோட நின்ன நீல் நாக்ஸ் மகன். நாலு பேரும் ஜெயிச்சாங்க. மே மாசம் டாலஸ்ல கூடின போர்டு டக் ஹாம்ளின்ங்கிறவர நிர்வாகியா தேர்ந்தெடுத்தது, பழைய கூட்டம் நிறுத்தின ஆள் தோத்தார். அதே மாசம் இன்னொரு கூத்து, நியூயார்க் அதிகாரி ஒருத்தர் இன்சூரன்ஸ் கம்பெனிகள மிரட்டி என்.ஆர்.ஏ-வோட தொழில் பண்ண விடாம பண்ணாருன்னு என்.ஆர்.ஏ போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட்ல அவங்க பக்கம் 9-க்கு 0. அதுல என்.ஆர்.ஏ-வுக்காக வாதாடினது யாருன்னு நினைக்கிறீங்க, ஏ.சி.எல்.யூ, பேச்சுரிமை மாதிரி மக்கள் உரிமைக்கு கேஸ் நடத்துற அமைப்பு, மத்த நாள்ல ரெண்டும் கீரியும் பாம்பும்.

எல்லாம் சரியாயிடுச்சா? இல்ல. பழைய கடன் இருக்கு, போன மெம்பர் திரும்பல, போர்டுல பழைய முகங்க இன்னும் இருக்கு. 2025 பட்ஜெட் சட்டத்துல சைலென்சருக்கு 1934-லேர்ந்து இருந்த அந்த 200 டாலர் வரிய பூஜ்யம் ஆக்கினாங்க, 2026 ஜனவரிலேர்ந்து. பதிவு பண்றத மட்டும் எடுக்க முடியல. உடனே பழைய பாட்டு, ஒரு கூட்டம் இது தொண்ணூறு வருஷத்துல பெரிய வெற்றிங்குது, இன்னொரு கூட்டம் பாதியில வித்துட்டாங்கங்குது. என்னைக் கேட்டா வெற்றிதான், நான் மாட்டுப் பண்ணையில காட்டுப்பன்னி சுடப் போறவன், காது எனக்கு முக்கியம்.

இப்போ நான் என்ன பண்றேன்னா, என்.ஆர்.ஏ-வுக்கு வருஷ சந்தா மட்டும், ஒரு டாலர் கூட கூடுதலா இல்ல. அது நன்கொடை இல்ல தம்பி, ஓட்டுக்கு கட்டுற டோக்கன், எனக்கு 2029-ல வரும். லைஃப் மெம்பர் ஆனா காத்திருக்க வேணாம், ஆனா ஒரே மொத்தமா அவ்ளோ பணத்த இப்போ அவங்ககிட்ட குடுக்க எனக்கு மனசு வரல. பெரிய செக் கோர்ட்டுல கேஸ் நடத்துறவங்களுக்கு. மாநில சங்கத்துக்கு கொஞ்சம், ஏன்னா நம்மள தினமும் தொடுற சட்டம் நம்ம டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டின்லதான் எழுதுறாங்க, வாஷிங்டன்ல இல்ல. எந்த அமைப்புல சேர்ந்தாலும் வீட்டு அட்ரஸ குடுக்கிறப்போ யோசிங்க. ஒரு அமைப்புல, பேர் வேணாம், சேர்ந்த அடுத்த மாசத்துலேர்ந்து வாரம் ஒரு கவர், மேல சிவப்புல அவசரம்னு போட்டு, உள்ள சர்வேங்கிற பேர்ல நாலு கேள்வி, அஞ்சாவது கேள்வி எவ்ளோ அனுப்புறீங்க. பயத்த வித்து காசு பாக்குறதுல எல்லா கட்சியும் ஒண்ணுதான். அப்படி வர்ற கவர்ல எத்தனை கேஸ் போட்டோம், எந்த சட்டத்த நிறுத்தினோம்னு எழுதியிருக்கா இல்ல ஆபத்து ஆபத்துன்னு மட்டும் இருக்கான்னு பாருங்க, அதுலயே தெரிஞ்சிரும். வரி விலக்கும் கவனிங்க, என்.ஆர்.ஏ சந்தாவுக்கு வரி விலக்கு கிடையாது, அவங்க ஃபவுண்டேஷனுக்கு தனியா குடுத்தா உண்டு.

இடையில இன்னொண்ணு, கேக்கல ஆனா சொல்லிடுறேன். உங்க மச்சான் எச்-1பி-ல இருக்கார்னா அவர ரேஞ்சுக்கு கூட்டிட்டு போய் கையில துப்பாக்கிய குடுத்து போட்டோ எடுக்காதீங்க. நான்-இமிகிரண்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறது மத்திய சட்டப்படி குத்தம், செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, அது இல்லாம தொடக்கூடாது. வாட்சாப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு அப்புறம் வக்கீல தேடி அலையாதீங்க.

2024 தேர்தலுக்கு ஓட்டுச்சீட்டு அந்த பத்திரிகைக்குள்ளயே தைச்சு வந்தது, எப்பவும் அப்படித்தான், பாதி பேர் பத்திரிகையோட சேர்த்து குப்பையில போட்டுருவாங்க. பெரியவர் ரேஞ்ச் பெஞ்சுல தோட்டா டப்பாவ ஓரமா தள்ளிட்டு, பாக்கெட் கத்தியால சீட்ட கோணாம அறுத்து எடுத்து, கண்ணாடிய நெத்தியிலேர்ந்து இறக்கி, நாலே நாலு பேருக்கு மட்டும் மார்க் போட்டார். இருபத்தஞ்சுக்கு மேல இடம் இருக்கே சார், மீதி சும்மா விடுறீங்கன்னேன். எல்லாருக்கும் போட்டா எனக்கு பிடிச்ச நாலு பேரோட ஓட்டு செத்துரும், இதுக்கு புல்லட் ஓட்டிங்னு பேரு, உனக்குத் தெரியாதான்னு சிரிச்சார். அப்புறம் உன் சீட்டு எங்கன்னு கேட்டார்.